இருளாயியும் இருளச்சியும்

என் அப்பாயியின் பெயர் இருளாயி. சிவகங்கைச் சீமையில் அந்தப் பெயர் தெருவுக்கு இரண்டு இருக்கும். இருளப்பன், இருளாண்டி, இருளம்மாள் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வைப்பார்கள். இருளப்பசாமி காவல் தெய்வம். அவர் கோயிலுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை என்று பெயரிலேயே தெரியும். அப்பாயி மாநிறம். அவர் கறுப்பாக இருந்ததால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை. இருள் எங்களுக்குச் சாமியின் பெயர். அவ்வளவுதான்.

வேலை கிடைத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்த பிறகுதான் அதே வேரிலிருந்து முளைத்த இன்னொரு சொல்லைக் கேட்டேன். பென்னலூர் நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது, விறகுக் கட்டோடு ஏற வந்த ஒரு பெண்ணைப் பார்த்து யாரோ, "ஏ இருளச்சி, கட்டை மேல போடு, கிட்ட வராதே" என்றார்கள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிப்போன செவி. (பென்னலூரை மூன்று சுழி 'ண' போட்டுப் 'பெண்ணலூர்' என்று எழுதும் மாணவிகள் எனக்கு ஆண்டுதோறும் கிடைக்கிறார்கள். நான் மதிப்பெண் குறைப்பதில்லை.)

ஒரே வேர்ச்சொல் தெற்கே வணக்கமாகவும் வடக்கே வசையாகவும் ஆனது எப்படி? தமிழ் படித்தவள் என்ற முறையில் நான் முதலில் செய்தது அகராதியைப் புரட்டியதுதான். 'இரு' என்னும் அடிக்குச் சங்க இலக்கியத்தில் இரண்டு பொருள்கள் கலந்து வருகின்றன. இரும்பிடி, இருங்கழி என்று வரும் இடங்களில் உரையாசிரியர்கள் ஒருமுறை 'கரிய' என்பார்கள், இன்னொருமுறை 'பெரிய' என்பார்கள். கருமையும் பெருமையும் ஒரே சொல்லுக்குள் இருந்த காலம் அது. பென்னலூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ஊர்ப்பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெயருக்குள் இருக்கும் 'இருங்காடு' பெரிய காடா, இருண்ட காடா? இரண்டும்தான். இப்போது காடு இல்லை, அதன் பெயரில் தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்புக்கும் இதே வேரைச் சொல்வோர் உண்டு. அப்படியானால் அந்தப் பெயர் இன்னமும் பொருந்தித்தான் போகிறது.

இருளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. திருக்குறளின் 121ஆம் குறளில் வரும் இருளுக்குப் பரிமேலழகர் நரகத்தில் ஒரு வகை என்று உரை கூறுகிறார். அடக்கமில்லாதவர் போய்ச் சேரும் இடம் அது. பெருமையிலிருந்து நரகம் வரை இந்தச் சொல் பயணம் செய்திருக்கிறது. ஆகவே 'இருளர்' என்ற பெயருக்கு எந்த இருளைப் பொருத்துவது என்பது அகராதி முடிவு செய்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. யார், யாரை, எந்த இடத்தில் நின்று அழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது அது.

அச்சில் பரவிய விளக்கங்களில் முதன்மையானது எட்கர் தர்ஸ்டனுடையது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் இடுக்கிமானியால் அளந்து எண்களாக எழுதிவைத்தவர். நீலகிரி இருளர் பற்றி எழுதும்போது, கரித்துண்டால் கோடு போட்டாலும் அவர்கள் தோலில் அது வெள்ளையாகத் தெரியும் என்ற பழைய கேலியை எடுத்துப் போடுகிறார். பிறகு, பெயர் அவர்கள் வாழும் இருண்ட காட்டால் வந்ததா, தோலின் நிறத்தால் வந்ததா என்பது ஐயம் என்கிறார். காடா, தோலா என்று இரண்டே வாய்ப்புகள். நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடநூலும் செய்தித்தாளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. ஒரு சொல்லாய்வை நகைச்சுவையிலிருந்து தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இங்கே ஏரிக்கரையில் வாழும் ஒரு பாட்டியிடம் இருளர் என்றால் என்ன அர்த்தம் என்று நானும் கேட்டிருக்கிறேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீங்க வெச்ச பேரு, நீங்கதான் சொல்லணும்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சமவெளியில் அவர்களுக்கு வேறு பெயர்களும் இருந்தன. செங்கல்பட்டு, ஆற்காடு பகுதிகளில் வில்லியர் என்றார்கள். வில் பிடித்தவர் என்று பொருள். தென்னார்க்காட்டில் தங்களைத் தேன் வன்னியர் என்று அழைத்துக்கொண்டவர்களும் உண்டு. தேன் எடுப்பவர், வில் எய்பவர், பாம்பு பிடிப்பவர் என்று வெளியார் வைத்தாலும் தாங்களே வைத்துக்கொண்டாலும், பெயர்கள் ஆண்களின் தொழிலிலிருந்தே கிளம்புகின்றன. கிழங்கு தோண்டியவள், நண்டு வளையில் கைவிட்டவள், வேர் தெரிந்து மருந்து அரைத்தவள் என்று ஒரு சமூகத்துக்குப் பெயர் வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அன்றாடம் அடுப்பெரிய வைத்தது அந்த வேலைகள்தான் என்றபோதும். பெண்ணுக்கு மிஞ்சியது விகுதி மட்டும்: இருளச்சி.

இந்த இடத்தில் தொலைதூரத்து மக்கள் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தார்கள். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் மாணவிகள் "தாத்தாவா மேம்?" என்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் கதையைக் கேட்டு அமைதியானார்கள். மங்கோலியாவின் ஓர்கான் பள்ளத்தாக்கில் 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகளில் 'முப்பது தாத்தார்' என்று ஒரு கூட்டம் குறிக்கப்படுகிறது. சொல்லின் மூலம் இன்றுவரை அறிஞர்களிடையே தீராத வழக்கு. செங்கிஸ்கானின் தந்தைக்கு நஞ்சு கொடுத்தவர்கள் இந்தத் தாத்தார்கள்தாம் என்று மங்கோலியரின் மறை வரலாறு சொல்கிறது. 1202இல் செங்கிஸ்கான் பழி தீர்த்தார். வண்டியின் அச்சாணி உயரத்தைத் தாண்டிய ஆண்கள் அனைவரும் கொல்லப்பட வேண்டும் என்பது முடிவு. யெசுயி, யெசுகென் என்ற தாத்தார் சகோதரிகள் இருவரைச் செங்கிஸ்கான் மனைவியராக்கிக்கொண்டார். அச்சாணி அளவுக்குத் தப்பியவர்கள் பெண்களும் குழந்தைகளும்தான். ஒரு பெயரை அழிவிலிருந்து சுமந்து வந்தவர்கள் யார் என்று கேட்டால் எனக்கு அந்த இரண்டு சகோதரிகளின் முகமற்ற முகங்கள்தான் தோன்றுகின்றன.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தாத்தார்களை அழித்த மங்கோலியர்களையே உலகம் தாத்தார் என்று அழைக்கத் தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் படைகள் ஐரோப்பாவின் வாசலுக்கு வந்தபோது லத்தீனில் எழுதியவர்கள் பெயருக்குள் ஒரு 'ர்' சேர்த்தார்கள். தார்த்தார். ஏனென்றால் கிரேக்கத் தொன்மத்தில் தார்த்தாரஸ் என்பது பாதாள நரகம். நரகத்திலிருந்து வந்தவர்கள் என்று சிலேடை. பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி இந்தச் சிலேடையைச் சொன்னதாக ஆங்கிலத் துறவி மேத்யூ பாரிஸ் தம் வரலாற்றுக் குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு மெய்யெழுத்து சேர்ந்ததில் ஒரு மக்கள் நரகத்துக்குக் குடியேற்றப்பட்டார்கள். அந்த 'ர்' ஐரோப்பிய நிலப்படங்களில் பல நூற்றாண்டுகள் அப்படியே இருந்தது. பரிமேலழகரின் இருளையும் தர்ஸ்டனின் கரித்துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அறியாத மக்களுக்குப் பெயர் சொல்ல நேரும்போது கற்றவர்களின் கை எங்கே போகிறது என்று தெரியும்.

வோல்கா ஆற்றங்கரையில் கசான் நகரைச் சுற்றி இன்று தாத்தார் எனப்படுபவர்கள் பெரும்பாலும் வோல்கா பல்கார்களின் வழிவந்தவர்கள். அவர்கள் ஆட்சியாளர் 922இல் இஸ்லாத்தை ஏற்றார். பேசுவது கிப்சாக் கிளையைச் சேர்ந்த துருக்கிய மொழி. 1552இல் இவான் அரசர் கசானைப் பிடித்தார். அதன்பின் ரஷ்யப் பேரரசு தன் ஆளுகைக்குள் வந்த துருக்கிய முஸ்லிம்கள் பலரையும், காகசஸ் மலையடிவாரத்து அசர்பைஜானியர் உட்பட, ஒரே சொல்லில் தாத்தார் என்று அடைத்தது. கசான் மக்களோ தங்களை முஸ்லிம் என்றோ பல்கார் என்றோ கசான்காரர் என்றோதான் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு வசை. 19ஆம் நூற்றாண்டில் ஷிஹாபுத்தீன் மர்ஜானி என்ற அறிஞர் தம் மக்களிடம் வாதாடினார். தாத்தார் இல்லை என்றால் நாம் யார், இந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம் என்றார். எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரின் கீழ்ப் பள்ளிகள், அச்சகங்கள், இதழ்கள் வந்தன. 1913இல் கசானில் தொடங்கிய பெண்கள் இதழுக்கு, ரஷ்யர்கள் சிறைபிடித்துச் சென்ற கசான் அரசி சுயும்பிகேயின் பெயரை வைத்தார்கள். 1917 ஏப்ரலில் அதே நகரில் முஸ்லிம் பெண்களின் மாநாடு கூடியது. அடுத்த மாதம் முக்லிசா பூபி என்ற ஆசிரியை காஜியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மண உறவுச் சிக்கல்களை ஒரு பெண் நீதிபதியாக அமர்ந்து விசாரித்தார். 1937இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது.

பெயரை எடுத்துக்கொள்வது பாதிக் காரியம்தான். 1944 மே மாதம் கிரிமியத் தாத்தார்கள் முழுவதுமாக ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பின் சோவியத் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களுக்கென்று தனிப் பெயரே இல்லாமல் போனது. 1967இல் அரசு அவர்கள் மேலிருந்த குற்றச்சாட்டை நீக்கிய ஆணையில்கூட, முன்னர் கிரிமியாவில் வசித்த தாத்தார் தேசிய இனக் குடிமக்கள் என்ற நீட்டி முழக்கிய விவரணைதான் இருந்தது. வைத்த பெயரைப் பிடுங்கவும் அரசால் முடியும். மொழியின் எழுத்தும் ஒரே தலைமுறைக்குள் அரபியிலிருந்து லத்தீனுக்கும் லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கும் மாற்றப்பட்டது. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியாத நிலை.

இனி நம் ஊருக்கு வருவோம். இருளர் என்ற ஒரே பெயருக்குள்ளும் இப்படித்தான் வேறுவேறு மக்கள் இருக்கிறார்கள். நீலகிரி, கோவை, அட்டப்பாடி மலைகளில் வாழும் இருளருக்குத் தனி மொழி உண்டு. மேல்நாட்டு இருளர், வேட்டக்காட இருளர், ஊராளி, கசபர் என்று உட்பிரிவுகளும் உண்டு. 1968இல் ஜெரார்ட் டிஃப்லோத் அந்த மொழியைத் தமிழின் நெருங்கிய உறவு என்று தம் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பிலேயே குறித்தார். உறவு, கிளை இல்லை. 1973இல் கமில் சுவலெபில் அதற்குத் தனி நூலே எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழி பெரியாழ்வாரின் ஒலியனியல் ஆய்வு வந்தது. தமிழ் எழுத்தால் குறிக்க முடியாத நடு உயிரொலிகள் அந்த மொழியில் உண்டு. தமிழைக் 'கெடுத்து'ப் பேசினால் அப்படிப்பட்ட ஒலிகள் வராது, தனி வரலாறு இருந்தால்தான் வரும். அப்படியிருந்தும் நம் மக்கள்தொகைக் கணக்கு அதைத் தமிழ் என்ற தொகுப்புக்குள்தான் வைத்திருக்கிறது. 2011இல் அதைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர். தமிழ்நாட்டு இருளரின் தொகை மட்டும் அந்த ஆண்டில் 1,89,661.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பெரும்பான்மையோர் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் சமவெளிகளில் தமிழே பேசும் இருளர்கள். மலை இருளரின் மொழி இவர்களுக்குப் புரியாது. காலனிய நூல்கள் இவர்கள் பேச்சைச் சிதைந்த தமிழ் என்றே எழுதிப் போயின. எழுதியவர்கள் கேட்டது ஏரிக்கரைத் தமிழ். அது எழும்பூர்த் தமிழாக இல்லாமல் போனது சிதைவு ஆகிவிட்டது.

நஞ்சியம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அட்டப்பாடி இருளப் பெண். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் மொழியில் பாடியதற்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையான இசைப்பயிற்சி இல்லாதவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று ஒரு முணுமுணுப்பு அப்போது எழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டே பாடிப் பழகியது பயிற்சி இல்லையாம். அது கிடக்கட்டும். அந்தப் பாட்டு எங்கள் கல்லூரி விடுதியில் ஓயாமல் ஒலித்த நாட்களில், என் வகுப்பிலிருந்த சமவெளி இருள மாணவி ஒருத்தி அதை ஒரு சொல்கூட விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "இது எங்க பாஷைன்னு எல்லாரும் சொல்றாங்க மேம். எனக்கு ஒண்ணும் புரியல. நான் இருளர் இல்லையா?" என்று கேட்டாள்.

அவள் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுடைய சாதிச் சான்றிதழ் அப்போது தொங்கலில் இருந்தது. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவிலேயே முடிந்துவிடும் இந்தச் சான்றிதழ், பழங்குடிகளுக்கு மட்டும் கோட்டாட்சியர் அளவில் விசாரணை நடந்துதான் கிடைக்கும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் மெய்யானவர்கள் மெய்யென்று நிரூபிக்க என்ன செய்ய வேண்டும்? விசாரணைக்குப் போன இடத்தில் அவளிடம் "உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசிக் காட்டு" என்றார்களாம். அவள் தமிழில் பேசினாள். "பாம்பு பிடிப்பியா?" என்றார்களாம். அவள் கணிதம் இளங்கலை படிப்பவள். உடன் போயிருந்த பாட்டிதான், நான் முன்னே சொன்ன அதே பாட்டி, "எங்களுக்கு இன்னா வேற பாஷை? நீ பேசறதுதானே நானும் பேசறேன்" என்று சொல்லியிருக்கிறார். பதில் சரி. கோப்பில் அது அவர்களுக்கு எதிராகப் பதிவானது.

மலையின் மொழியைச் சமவெளியிடம் கேட்பது, கிரிமியத் தாத்தாரிடம் கசான் மொழியைப் பேசிக் காட்டச் சொல்வதற்குச் சமம். பெயர் ஒன்றாக இருப்பதால் வாழ்வும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பெயர் வைத்தவரின் சோம்பல். அந்தச் சோம்பலின் விலையைக் கொடுப்பவள் பத்தொன்பது வயதுப் பெண்.

மேலும், நிரூபிக்கச் சொல்லும் எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. சமவெளி இருளரின் வாழ்வு ஏரியையும் புன்செய்க் காட்டையும் நெல்வயலையும் நம்பி இருந்தது. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைக் கண்டுபிடித்து, துளையிட்ட பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, துளையில் வாய் வைத்து ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். அந்த நெல்லைச் சேகரித்துப் புடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது பெண்கள். மழை பெய்த மறுநாள் ஈசல், கோடையில் வற்றும் ஏரியில் கை வைத்துத் துழாவிப் பிடிக்கும் மீன், நத்தை, நண்டு, கிழங்கு என்று ஒரு பருவப் பட்டியல் ஒவ்வொரு பாட்டியின் தலைக்குள்ளும் இருக்கும். ஒரகடம் வரை வயல் இருந்த இடங்களில் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. வயல் இல்லாத இடத்தில் எலி எங்கே இருக்கும்? பேத்திகள் அதே சுவர்களுக்குள் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் அடையாள அட்டையில் சாதி எழுதுவதில்லை. அது ஒரு நிம்மதி என்று ஒருத்தி சொன்னாள்.

ஆண்களின் பாம்பு அறிவுக்காவது ஒரு நிறுவனம் கிடைத்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் பிழைப்பைக் கொண்டுபோயின. ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் விட்டுவிடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து உற்பத்திக்கு நஞ்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. பெண்களும் அதில் உறுப்பினர்கள். கணவனும் மனைவியுமாகத் தடம் பார்த்துப் போவது உண்டு. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். பாம்பின் தடத்தை மண்ணில் வாசிக்கும் கண் ஆணுக்கு மட்டும் உள்ளதில்லை என்பதையும் சேர்த்து எழுத எந்தச் செய்தியாளருக்கும் தோன்றவில்லையே என்ற குறை இருக்கிறது.

பெண்களின் மூலிகை அறிவை மையமாக வைத்துத் தண்டரையில் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986இல் தொடங்கியது. நாற்றங்கால், மருந்துச் செடி, மூலிகைப் பொடி என்று தொடர்ந்து நடத்துகிறார்கள். என் மாணவிகள் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால் வகுப்பில் ஒரு கை உயரும், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

இருளர் என்றதும் வெளியுலகுக்கு ஞாபகம் வருவது வேறு படங்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழும் புகைப்படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் நின்றிருக்கக்கூடிய பெண்களை யோசித்துப் பாருங்கள். கடன் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கும். உழைப்பு குடும்பம் முழுவதற்கும்.

அடுத்தது 'ஜெய்பீம்'. 2021இல் படம் வந்த பிறகு இருளர் என்ற பெயர் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. 1993இல் கடலூர்ப் பக்கம் காவல்துறை வதையில் இறந்தவருடைய வழக்கு அது. வழக்கை நடத்தியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. உண்மையில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளர். ஒரு சமூகத்தின் துயரம் இன்னொரு சமூகத்தின் பெயரில் சொல்லப்பட்டதற்குக் குறவர்கள் தரப்பில் வருத்தம் எழுந்தது. அந்த வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது. கணவனைத் தேடி நீதிமன்றம் வரை போன அந்தப் பெண்ணின் பெயரும் படத்தில் வேறு. மறுபக்கம், படத்துக்குப் பிறகு சில ஊர்களில் இருளர் குடும்பங்களுக்கு அதிகாரிகளே தேடிப்போய்ச் சான்றிதழும் பட்டாவும் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் மனுக் கொடுத்து வராதது ஒரு படத்தால் வந்தது என்றால், குறை மனுவில் இல்லை என்பதாவது தெரிந்தது.

இதற்கிடையில் மர்ஜானி கசானில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டுவிட்டார்கள். விழுப்புரத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் பெயரைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது. வில்லியர், தேன் வன்னியர் என்ற மாற்றுப் பெயர்களில் சட்டத்தின் கதவு திறக்காது. அட்டவணையில் இருப்பது இருளர். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக நடுவண் அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களின் பட்டியலிலும் இருப்பது இருளர். வசையாக வந்த சொல்லைத்தான் உரிமையின் சாவியாகவும் பிடிக்க வேண்டியிருக்கிறது. என் மாணவிக்கு 'இருளர்' என்று எழுதிய ஒரு தாள் வேண்டும். பேருந்தில் அவளுடைய அம்மாவை 'இருளச்சி' என்று கூப்பிட யாரும் தாள் கேட்டதில்லை.

அவர்கள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போக வேண்டும். பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் வந்து கடற்கரையில் சேலைகளைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். அவர்கள் தெய்வம் கன்னியம்மா. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், மாசிப் பௌர்ணமிக்கு வேண்டி அழைத்தால் கரைக்கு வருவாள் என்று சொல்கிறார்கள். விடிவதற்கு முன்பே ஈர மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, விளக்கேற்றுவார்கள். காதுகுத்து, முடியிறக்கல், கல்யாணம் எல்லாம் அங்கேயே. சிலைக்குக் கல் இல்லை, கூரை இல்லை, அலை வந்து படியைக் கொண்டுபோவதில் யாருக்கும் வருத்தமும் இல்லை. சாமி வந்து ஆடும் பெண்ணிடம் சுற்றி நிற்பவர்கள் குறி கேட்பார்கள். அங்கே அவளை யாரும் இருளச்சி என்று அழைப்பதில்லை, 'அம்மா' என்கிறார்கள். எங்கள் ஊர் இருளாயி கோயிலில் நான் பார்த்த அதே குரல், அதே கைகூப்பு.

மாணவியின் அம்மா அப்பாவுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த மணலில்தான். சான்றிதழ் மேல்முறையீட்டு மனுவை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினாள். இருளர் மொழி என்று எழுதிவிடலாமே, கேள்வி வராது என்று பக்கத்திலிருந்த தோழி சொன்னாள். அவள் தலையாட்டி மறுத்தாள். வழிபாடு என்ற இடத்தில் கன்னியம்மா, மாசி மகம், மாமல்லபுரம். பெற்றோர் திருமணம் நடந்த இடம் என்பதற்கு நேரே 'கடற்கரை' என்று எழுதிவிட்டு, இதற்கு ஆதாரம் கேட்டால் என்ன செய்வது மேம் என்றாள். பாட்டியையும் அன்றைக்கு வந்திருந்த உறவினர் இரண்டு பேரையும் சாட்சியாகப் போட்டிருக்கிறோம். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.